நாலாம் மூலைச் சேறு

மாலை ஆறே முக்கால். சுரங்கத்திலிருந்து குடியிருப்புக்கு வரும் மண் ரோடு. ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் சகதிக் குளம். மூன்று கிலோமீட்டருக்கு ஒரே ஒரு விளக்குக் கம்பம், அதுவும் அன்றைக்கு எரியவில்லை. அந்த ரோட்டில் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்து போகிறார்...

யாரோ இல்லை. நம்ம வெல்டருடைய தாய்மாமா. வெல்டர் இன்றைக்கு நைட் ஷிப்ட், அதனால்தான் சொல்கிறேன். அவன் இருந்தால் சொல்ல விடமாட்டான். கரண்ட் வருவதற்குள் முடித்துவிடலாம், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பிஸ்கட் பாக்கெட் வைத்திருக்கிறவர்கள் இப்போதே தின்று தீர்த்துவிடுங்கள். அப்புறம் இறங்காது.

மாமா இரும்புத் தாது ஆராய்ச்சி நிலையத்தில் லேப் ஆள். மலையை வெட்டிக் கல் எடுத்து, மாவாக அரைத்து, கழுவுவார்கள். நல்லது உலைக்குப் போகும். மிச்சமெல்லாம் சிவப்புச் சேறாகக் குழாய் வழியே குளத்துக்குப் போகும். முப்பது வருஷச் சேறு. அதிலும் இரும்பு இருக்கிறது. அதை உருண்டை பிடித்துச் சுட்டு உலையில் போட முடியுமா என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. உருண்டையை முழங்கால் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் போட்டுப் பார்ப்பார்கள். நாலு தடவை தாங்கினால் பாஸ். இவர்களுடையது இரண்டாம் தடவையே பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

சேறு நைசாக அரைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மிஷின் இருந்தது. அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். மாமாவுக்கு இரண்டு நொடி போதும். ஒரு சிட்டிகை எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடிப்பார். நறநறத்தால் இன்னும் அரைக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சரி. துப்பிவிட்டு, ஓடட்டும் என்பார். மிஷின் ஒரு நாளும் அவரைப் பொய்யாக்கியதில்லை. லேப்பில் அவருக்குப் பேரே பல் மிஷின். வீட்டில் அவர் மனைவிதான் தலையில் அடித்துக்கொள்வாள், கண்ட கழிசடையை எல்லாம் வாயில் போடுகிற மனுஷனுக்கு வாய்க்கு ருசியாய் எதற்குச் சமைக்க வேண்டும் என்று.

குளத்தின் நாலாம் மூலையில் ஒரு பம்ப் ஷெட். பம்ப் ஆபரேட்டர் நல்ல தமாஷ் ஆள். மேல்வரிசையில் ஒரு முன்பல்லுக்கு ஸ்டீல் கேப் போட்டிருந்தார். சிரித்தால் பளிச்சென்று வெட்டும், கண் கூசுகிறது அண்ணே என்று பையன்கள் கலாய்ப்பார்கள். பம்ப்பை விட்டு நகர முடியாது, அதனால் மத்தியானச் சாப்பாடு சாயங்காலம் வரை டப்பாவிலேயே கிடக்கும். ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அவர் மனைவி கேட்டில் வந்து நின்று ஒரே கேள்விதான் கேட்பாள். ஏங்க, சாப்பிட்டீங்களா? அவர் பல்லைக் காட்டி, இன்னும் இல்ல என்பார். கேட்டில் நிற்கிறவர்கள் எல்லாம் அதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

ஒரு மழை நாள். சேற்றில் மாதிரி எடுக்க மாமா நாலாம் மூலைக்குப் போனார். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. சேற்றின் மேல் போட்டிருந்த நடைபலகை நடுவில் முறிந்திருந்தது. கரையில் ஒரு ஜோடி செருப்பு. ஷெட்டில் ஒரு பை, பைக்குள் டப்பா. தொட்டுப் பார்த்தார்... இன்னும் வெதுவெதுப்பு. பம்ப் மோட்டார் மேல் வைத்துச் சூடு பண்ணியிருக்கிறார் மனுஷன். மாமா கூப்பிட்டுப் பார்த்தார். பலகை முறிந்த இடத்தில் ஒரே ஒரு குமிழி வந்தது. மெதுவாகப் பெரிதானது. பட்.

அவ்வளவுதான்.

மாமா டைரக்டரிடம் ஓடினார். டைரக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"குளத்துல ஆள் செத்தான்னு எழுதினா நாளைக்கே சீல் வெச்சிடுவாங்க. ஆராய்ச்சியும் போச்சு, நீயும் போன. உன் பர்மனெண்ட் ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு. அவன் பையோட கேட்டைத் தாண்டிப் போனதை நீ பாத்த. சரியா?"

பதினாறு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்தவர் மாமா. கையெழுத்துப் போட்டார். பையோடு போனதாக எழுதியாகிவிட்டதே, பை ஷெட்டில் இருக்கலாமா? திரும்பிப் போய்ச் செருப்பையும் பையையும் அவரே எடுத்துச் சேற்றில் போட்டார். சாப்பாட்டு டப்பா உள்ளே போக வெகு நேரம் பிடித்ததாம். நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பேய் வருவதற்கு முன்பே எனக்குக் குமட்டுகிற இடம் இதுதான்.

செத்ததாக இல்லை, ஓடிப்போனதாகக் கணக்கு. அதனால் அந்த அம்மாவுக்கு நஷ்டஈடு கிடையாது, பென்ஷன் கிடையாது. ஓடிப்போனவன் பொண்டாட்டி என்ற பேர்தான் மிச்சம். அவளோ தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வருவதை விடவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிப் போவார், சட்டைப்பையில் பர்மனெண்ட் அடையாள அட்டையோடு.

மூன்று வருஷம் ஓடிற்று. ஆராய்ச்சி மட்டும் நகரவில்லை. மேலிடம் கடைசிக் கெடு கொடுத்துவிட்டது. குளத்தின் மூன்று மூலைச் சேறும் தோற்றுப்போனது. நாலாவதையும் பார்த்துவிடலாம் என்றார் டைரக்டர். மாமா இரண்டு நாள் வயிற்றுவலி என்று தள்ளிப் பார்த்தார். மூன்றாம் நாள் வாளியோடு போய் அள்ளிக்கொண்டு வந்தார்.

லேப்பில் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்தார். நறநறப்பே இல்லை. அரைக்கவே தேவையில்லாத வழுவழுப்பு. ஆனால் துப்பப் போனால் துப்ப வரவில்லை... ஊறிப்போன தோல் மாதிரி ஏதோ நாக்கில் ஒட்டிக்கொண்டது. விரலை விட்டு இழுத்தார். முடி. ஒரு விரல் நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. யாருக்கும் தெரியாமல் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஓடட்டும் என்றார்.

உருண்டை பிடித்துத் தகட்டில் போட்டார்கள். டொக். நாலு தடவை தாங்கியது. பத்து. இருபது. நாற்பத்தொன்றாம் தடவை எண்ணுகிறவனே அலுத்துப்போய் நிறுத்திவிட்டான். கைதட்டினார்கள். சுடுகிற உலையில் வைத்தபோதுதான் கைதட்டல் நின்றது. முடி கருகும் நாற்றம். நகம் தீயும் நாற்றம். அதற்கு அடியில் லேசாக ஒரு தித்திப்பு. மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற பெண் தொட்டியில் வாந்தி எடுத்தாள். டைரக்டர் மட்டும் சூடு ஆறிய உருண்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி ரசித்தாராம். தூ! ஏதோ பாசி இருக்கும் என்றார். அறிக்கையில் இயற்கைப் பசை என்று எழுதினார். நாலாம் மூலை முழுவதையும் தோண்டச் சொன்னார்.

பதினெட்டு லாரிச் சேறு. ஒரு எலும்பு கிடைக்கவில்லை, ஒரு செருப்பு கிடைக்கவில்லை. லாரிக்கு ஒரு சிட்டிகை, மாமாவின் வாயில். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்றால் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கடித்தார். சில நாள் துப்புவதற்குள் தொண்டைக்குள் இறங்கிவிடும். வீட்டில் எதைத் தின்றாலும் அதே வழுவழுப்பு. தூக்கத்தில் அவர் தாடை அரைத்துக்கொண்டே இருந்ததாம். காலையில் தலையணை உறையில் சிவப்பு எச்சில் காய்ந்து பொருக்காகியிருக்கும். மனைவி படுக்கையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

கடைசி லாரியில்... டக். ஏதோ கெட்டியாகக் கடிபட்டது. துப்பினார். சேற்றுக்குள் அவருடைய சொந்த முன்பல் கிடந்தது. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படியானால் எதைக் கடித்தார்?

பல் போன இடம் பத்து நாளில் ஆறிவிட்டது. பதினோராம் நாள் காலை வாய் கொப்பளிக்கும்போது நாக்கு அங்கே போனது. ஓட்டை இல்லை. வழுவழுவென்று, ஜில்லென்று ஏதோ இருந்தது. கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

பளிச்சென்று வெட்டியது.

குறடு வைத்து இழுத்துப் பார்த்தார். தலையே கூட வந்தது, பல் வரவில்லை. அன்று முழுக்க யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார். வேலை போனால் போகட்டும், ஜெயில் என்றாலும் சரி, அந்த அம்மாவிடம் சொல்லித் தொலைத்துவிடுவது. அப்படித்தான் ஆறே முக்காலுக்கு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த ரோட்டில் நடந்தார்.

எரியாத கம்பத்தடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கேட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் கால் வலிக்கு உட்கார்வாளாம். மாமா எதிரே போய் நின்றார். கைக்குட்டையை எடுத்தார்.

"நான் அன்னைக்கு..."

சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து கிட்ட வந்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்தாள். அவர் தாடையை இரண்டு கையாலும் பிடித்து லேசாகத் தூக்கினாள். அவள் கையில் துணி சோப்பு வாசனை. வாய்க்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க... சாப்பிட்டீங்களா?"

மாமா பல்லை இறுக்கிக்கொண்டார். உயிரைக் கொடுத்து இறுக்கினேன் என்று வெல்டரிடம் சொல்லியிருக்கிறார். தாடை தானாகத் திறந்தது. கடைவாயிலிருந்து சிவப்புச் சேறு முகவாய்க்கு வழிந்தது. பதில் வந்தது. மாமாவின் குரல் இல்லை.

"இன்னும் இல்ல."

இப்போது மாமா தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிறார். சொல்ல வந்ததை இன்றுவரை சொல்லவில்லை. அவள் முன்னால் வாயைத் திறந்தால் அந்த இரண்டு வார்த்தைதான் வருகிறதாம். அவள் டப்பா நிறையச் சாப்பாடு வைப்பாள், எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்ப்பாள். அவர் வழித்துத் துடைத்துத் தின்பார். தின்னத் தின்ன இளைத்துக்கொண்டு வருகிறார், பெல்ட்டில் புது ஓட்டை போட்டு மாளவில்லை என்கிறான் வெல்டர். டப்பா காலியானதும் அவள் மறுபடி கேட்பாளாம்.

பதில் மட்டும் மாறவே இல்லை.