நாலாவது சிவப்பு மீன்

வவுணதீவு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாவின் மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் சிவப்பு ஃபைட்டர் மீன் ஒன்று. பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம் அவர் சொன்னார்:

"என்ட மகனுக்கு இந்த மீன் இன்னும் சாகல்ல, புள்ள. எனக்குத்தான் மூணுதரம் செத்துட்டு."

"விளங்கல்லயே அம்மா."

"அவன் கட்டாருக்கு வேலைக்குப் போகக்குள்ள விட்டுட்டுப் போன மீன். முதல் மாசமே செத்துட்டு. நான் சொல்லல்ல. அதே சிவப்பில வாங்கி வாங்கி ஃபோன்ல காட்டுறன். இது நாலாவது."

"தண்ணி எப்பிடி மாத்துவீங்க?"

"வெள்ளிக்கிழமை வீடு கழுவக்குள்ள மீன் இரிக்கிற கண்ணாடிப் போத்தலையும் நல்லாத் தேச்சுக் கழுவி, பைப் தண்ணிய நிறைய ஊத்துவன். ஒரு வெள்ளியும் விட்டதில்ல."

அந்தப் பெண் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதாலதான் அம்மா சாகுது. பைப் தண்ணியில குளோரின் மருந்து இரிக்கு. தண்ணியப் பிடிச்சு ஒருநாள் திறந்து வச்சிட்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தோணும்."

பஸ் பாலத்தைக் கடந்தது. அம்மா பையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"நீயே கொண்டுபோ, புள்ள. செத்தத மறைச்சன். நானே சாகடிச்சத எப்பிடி மறைக்கிற? இண்டைக்கு அவன் ஃபோன் எடுத்தா வெறும் போத்தலக் காட்டுறன்."