தொட்டால் கன்றும் உடம்பு

இருபத்திரண்டு வருஷ வாத்தியார் உத்தியோகத்தில் ஒரு பையனைக்கூட நான் பிரம்பால் தொட்டதில்லை. பழங்காநத்தத்தில் யாரைக் கேட்டாலும் சீதாராமன் சார் பரம சாது என்றுதான் சொல்வார்கள்.

என் மனைவி ஜானுவை அடிப்பேன். தினமும் இல்லை. ரசத்தில் உப்புக் கூடினால், கேட்டதற்குப் பதில் வராவிட்டால். அதுவும் புடவை மறைக்கும் இடமாகப் பார்த்துத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஆடியில், நான் தொடாத இடங்களிலும் அவளுக்கு நீலம் பாரித்தது. முழங்கை, கழுத்து, கடைசியில் கன்னம். அவள் தம்பி ஹாலாஸ்யம் பார்த்துவிட்டான்.

"அத்திம்பேர், அக்காவை அடிக்கிறேளா?"

அந்தக் கன்னத்தை நான் தொடவே இல்லை. மனசு புண்பட்டது. நானே முன்னால் நின்று, அவனையும் கூட்டிக்கொண்டு, ஜானுவை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அவள் முதுகில் புளியங்கொட்டை அளவில் கருஞ்சிவப்பாக முடிச்சுகள் எழும்பியிருந்தன. டாக்டர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். "குஷ்டமோன்னு நினைச்சேன். உணர்ச்சி நல்லா இருக்கு, அது இல்லே" என்றார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் வெளியே கூப்பிட்டார்.

"லுக்கீமியா. ரத்தத்துல வெள்ளை அணு கண்டபடி பெருகி, தோல்லயும் ஏறியிருக்கு. இந்த நீலமெல்லாம் தானா வர்றது, யாரும் அடிச்சு வந்ததில்லே. மருந்து கிடையாது. தலையில மட்டும் அடிபடாமப் பாத்துக்கோங்க. உள்ளே ரத்தம் கசிஞ்சா நிக்காது."

ஹாலாஸ்யம் தலைகுனிந்து நின்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் இடம் பார்க்க வேண்டியதில்லை.

பார்க்கவும் இல்லை. ஜானு ஒரே ஒருமுறை கேட்டாள்: "கொஞ்ச நாள்தானே இருக்கப்போறேன். விட்டுடப்படாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சாகப்போகிறவள் என்பதற்காக வீட்டின் ஒழுங்கை மாற்றிக்கொள்ள முடியுமா?

ஐப்பசியில் ஒருநாள் காலை, காப்பி ஆறிப்போயிருந்தது. அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். ஒரு தடவைதான். டாக்டர் சொன்னது நினைவிருந்ததால், அதற்குமேல் தேவைப்படாது என்று தெரியும். மத்தியானம் வாந்தி எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். டாக்டர் நோயின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மயானத்திலிருந்து திரும்புகிற வழியில் ஹாலாஸ்யம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, அத்திம்பேர். மன்னிச்சுடுங்கோ."

முதுகில் தட்டிக்கொடுத்தேன். அப்போதே மன்னித்துவிட்டேன். யார்மேலும் கோபத்தை வைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது.