பதினொரு பாட்டு, பழைய நம்பர்

டீ ஆறிவிடும், முதலில் குடித்துவிடுங்கள் மேடம். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். இருபத்திரண்டு வருடமாக இதே நாற்காலியில்தான் இருக்கிறேன். இந்த அலுவலகத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நம்பர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது பதினொரு நம்பரைப் பற்றி. தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேலை அவ்வளவாகத் தெரியாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தின் அட்டைக்குப் பின்னால் கோடு கோடாக இருக்கிறதே, அந்த பார்கோடு ஆல்பம் முழுவதற்கும் ஒன்று. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இலக்கத்தில் தனி நம்பர். பாட்டுக்கு அல்ல, பதிவுக்கு. அதே பாட்டை அதே ஆள் நாளைக்கு மறுபடி பாடினாலும் புது நம்பர்தான் கொடுக்க வேண்டும். ஒரு தொண்டை ஒரு நாள் ஒரு மைக்கின் முன்னால் பாடியது எதுவோ, அதற்குத்தான் அந்த நம்பர். ஆள் போனாலும் நம்பர் போகாது. இங்கே புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போவதில்லை.

போன வருடம் பழைய ஆல்பம் ஒன்றைப் புதுப் பாடகியை வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். பதினொரு புது நம்பரும் ஒரு புது பார்கோடும் கொடுத்திருக்க வேண்டும். நான் பழையதையே போட்டு, ஒலித் திருத்தம் என்று குறித்து, ஃபோனில் பாட்டுக் கேட்கும் எல்லா ஆப்புகளுக்கும் அனுப்பினேன். அவர்களுக்கு நம்பர்தான் ஆள். நம்பர் ஒன்றாக இருந்தால் பழைய ஒலியை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைத்துவிடுவார்கள். படம் அதே படம், பெயர் அதே பெயர், குரல் மட்டும் வேறு. "என் குரலுக்கு இன்னொருத்தங்க பேரு வருது" என்று அந்தப் பெண் உங்களிடம் அழுதாளாம். பாவம். நன்றாகப் பாடுகிறாள், அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அந்த இன்னொருத்தர் என் மனைவி.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்று. "இன்னொரு டாக்டரப் பாத்துடலாங்க" என்றாள். நாள் கடத்த வேண்டாம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் வாயிலிருந்து நான் கடைசியாகக் கேட்டது அந்த வார்த்தைகள்தான்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டும் பேனாவும்தான். வேலை முடிந்ததும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஃபோனில் தன்னுடைய பதினொரு பாட்டையும் திரும்பத் திரும்பக் கேட்பாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் மேடம். நான் வீட்டுக்குள் வந்ததுகூடத் தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு. மருந்துக்கடைக்குப் போனால்கூட, "நீங்க பாட்டுக்காரம்மா வீட்டுக்காரர்தானே, நேத்துகூட அவங்க பாட்டக் கேட்டேன்" என்பார்கள். புண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தால் எப்படி ஆறும்? அவளுக்கு அமைதி வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் காரணம்.

மாற்றம் வந்த அன்று அவள் ஒரு நிமிடம் கேட்டாள். இயர்ஃபோனைக் கழற்றினாள், துணியில் துடைத்தாள், மறுபடி மாட்டினாள். பிறகு நோட்டில் எழுதிக் காட்டினாள்: இது நானா?

"நீதான். வேற யாரு? பேரப் பாரு" என்றேன்.

நான் இப்படியா பாடினேன் என்று எழுதினாள்.

"இவ்வளவு மருந்து சாப்பிடுற, காது கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

காது டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். காதில் குறையில்லை என்றார். பிறகு மனநல டாக்டரிடம் போனோம். தன் குரலே தனக்கு அடையாளம் தெரியாமல் போகிறது என்று நான்தான் விளக்கினேன். அவளால் சொல்ல முடியாதே. மாத்திரை கொடுத்தார். இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

அவளுடைய தங்கைதான் விடவில்லை. "அத்தான், எனக்கும் அது அக்கா குரல் மாதிரியே இல்ல" என்று தன்னிடமிருந்த பழைய சிடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் பிரதிகள் வீடு மாறியபோது தொலைந்திருந்தன. மூட்டை கட்டியது நான். வீட்டில் சிடி போடும் பிளேயர் இல்லை, அலுவலகத்தில் ஃபோனுக்கு மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சிடியை வாங்கிக்கொண்டேன். என் மனைவி வாசல்வரை வந்து என்னைக் கும்பிட்டாள். இங்கே வந்ததும் பழக்கதோஷத்தில் பார்கோடைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகு இந்த மேசைச் சாவியால் சிடியைச் சுற்றிக் கீறினேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. "சிடி வீணாப்போச்சும்மா, ஒண்ணுமே கேக்கல" என்றபோது தங்கைதான் அழுதாள். என் மனைவி அழவில்லை. என் குரல் எப்படி இருந்தது என்று எழுதி நீட்டினாள். "தினம் கேக்குறியே, அதேதான்" என்றேன். தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் நோட்டில் எதுவும் எழுதவில்லை.

இப்போது அந்தப் பெண்ணின் குரலோடு வாயசைக்கப் பழகுகிறாள். வரிகள் எல்லாம் மறக்கவில்லை. மூச்சு எடுக்கும் இடம்தான் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு முறையும் அங்கே தடுமாறுகிறாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். அதைப் பார்க்கும்போது எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. இரண்டு முறை திருத்தம் அனுப்ப உட்கார்ந்தேன். எல்லாம் நிரப்பியும் கடைசிப் பொத்தானை அழுத்தக் கை வரவில்லை.

அசல் பதிவுகள் அழிந்துவிட்டனவா என்று கேட்டீர்கள். நான் எதையும் அழிக்கிறவன் இல்லை. பதினொன்றும் இந்த இழுப்பறையில் ஒரு டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. சாவி இதோ. நீங்கள் அனுப்பினால் நாலைந்து நாளில் அவள் ஃபோனில் அவள் குரலே வந்துவிடும். அவளால் அதைத் தாங்க முடியாது, அதற்காகத்தான் இவ்வளவும்.

என்னால் தாங்க முடியும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பதினொன்றையும் கேட்டுவிடுவேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் மேடம், அவள் எனக்கு மட்டும் பாடுகிறாள்.