வெட்டாத கசெற்

தேத்தண்ணி வருமெண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ யோகலிங்கம் அண்ணை, வைக்கேல்லை. வெளியில மோட்டச்சைக்கிளில இருக்கிறது உங்கட தம்பி குணரத்தினம்தானே? உள்ள வரமாட்டானாமோ? பக்கத்து வீட்டில வளந்த பொடியன், இப்ப என்ர வாசல் மிதிக்கக் கூச்சமாக்கும்.

ஓம், நீங்கள் சொன்னது விளங்கினது. கிண்ணியாத் துறையடியில கடை வைச்சிருக்கிற ஸெய்னுதீன் நானா உங்கட கசெற்றைக் களவாப் பிரதி அடிச்சு விக்கிறார். நான் லோயரிட்ட வந்து, அது உங்கட சொத்தெண்டு சொல்லோணும். அதுதானே?

உங்கட சொத்து. நல்ல கதை. செத்தது என்ர மனிசன். அவருக்கு மேல விழுந்து ஒப்பாரி வைச்சது நான். கனடாவில இருக்கிற அவரின்ர தமையன் பாக்கட்டுமெண்டு செத்தவீட்டை வீடியோ எடுக்கத்தான் உங்களைக் கூப்பிட்டது. நீங்கள் என்ர குரலைத் தனியப் பிரிச்செடுத்து, கசெற் அடிச்சு, கொழும்பு வரைக்கும் வித்தனீங்கள். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? மட்டையில உங்கட படம். சகல உரிமையும் உங்களுக்காம். நான் மூக்குச் சீறுற இடத்தில புல்லாங்குழல் வேற. வெக்கம் கெட்ட வேலை.

கமரா உங்கட, உழைப்பு உங்கட, சரி. ஸெய்னுதீன் நானாவும் பிரதி அடிக்கிற மிசின் தன்ரையெண்டுதான் சொல்லுவார்.

பங்கு தருவியளோ? வேண்டாம். நான் கூலிக்கு அழேல்லை.

என்ன? நானாவின்ர கசெற்றில உங்கடதில இல்லாததும் கிடக்கோ? இது புதினமாக் கிடக்கு. உங்களிட்டக் களவெடுத்தவரிட்ட, உங்களிட்ட இல்லாத சாமான் எப்பிடி வந்தது?

தடுமாறாதேங்கோ, நானே சொல்லுறன். கப்பல்துறைச் சந்தியில ஆமிக்காரர் பஸ்ஸை மறிச்சு, அவரை இறக்கினாங்களெண்டு அழுவன். உங்கடதில உடன புல்லாங்குழல் வந்திடும். அந்த இடத்தில நான் என்ன அழுதனானெண்டு உங்களுக்கு மறக்காது, வெட்டினது உங்கட கை. நானும் அதே பஸ்ஸிலதான் இருந்தனான். தலையில சாக்குப் போட்டுக்கொண்டு நிண்ட ஒருத்தன் அவரைப் பாத்து, இவர்தானெண்டு ஆமிக்குத் தலையாட்டினான். தலையை மூடினவன் காலை மூட மறந்திட்டானெண்டு அழுதனான். சுடுதண்ணி கொட்டி வெந்த கால். நாள் கணக்கா நான் மருந்து கட்டி ஆத்தின கால், அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதோ? பேரையும் சொல்லித்தான் அழுதனான். பறைமேளச் சத்தத்துக்குள்ள சனத்துக்குக் கேக்கேல்லை. உங்கட மைக்குக்குக் கேட்டிருக்கு.

தமையனுக்கு அனுப்பச் சொல்லித் தந்த வீடியோவை நீங்கள் வெட்டேல்லை. அப்ப நீங்களும் சரியாக் கேக்கேல்லைப் போல. கசெற் அடிக்கேக்கதான் கேட்டிருக்கிறியள். கேட்டிட்டும் என்னட்ட வரேல்லை, கத்தரிக்கோலைத்தான் எடுத்தனீங்கள்.

ஸெய்னுதீன் நானா களவெடுக்கேல்லை அண்ணை. நான்தான் துறை கடந்து அந்த வீடியோவைக் கொண்டுபோய் அவரிட்டக் குடுத்தனான். குரலுக்கு விலை பேசேல்லை. ஒரு சொல்லும் வெட்டக்கூடாதெண்டு மட்டும் சொன்னனான்.

எழும்பாதேங்கோ. தம்பியையும் கூப்பிடுங்கோ, மூண்டு பேருமா இருந்து நானாவின்ர கசெற்றைக் கேப்பம். வந்ததில இருந்து பாக்கிறன், இந்த வெயிலுக்க சப்பாத்தும் மேசும் போட்டுக் காலை மூடிக்கொண்டு இருக்கிறான். வீட்டுக்க வாறவை வாசலில கழட்டிப்போட்டுத்தானே வாறது. கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ.