கிட்டாரைக் கெடுத்துக் கொடுங்க

— இல்லண்ணா, சரி பண்ண வேணாம். கெடுத்துக் கொடுங்க.

— என்னம்மா இது? போர்டைப் பாத்தீங்களா? கிட்டார், மிக்ஸி, செல்போன், எல்லாம் பழுது பார்க்கப்படும்னுதான் போட்டிருக்கேன். பழுது ஆக்கப்படும்னு எங்கயாவது இருக்கா?

— மெதுவா பேசுங்கண்ணா. எங்க வீட்டுக்காரர் பக்கத்துத் தெருவுக்குத்தான் முடி வெட்டிக்கப் போயிருக்கார். அவர் வீடு திரும்பறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணணும்.

— இருங்க, பாக்கறேன். வார் மாட்டுற குமிழ் ஆடுது. சின்ன விஷயம்தான். பல் குச்சியில பசை தடவி ஓட்டையில சொருகினா கெட்டியா நிக்கும்.

— அது பாட்டுக்கு ஆடட்டும்.

— தடிச்ச கம்பி கர்ருனு உறுமுது. அதுவும் சின்ன விஷயம்தான். கம்பி உக்கார்ற பள்ளம் தேஞ்சு போச்சு. காகிதத்தைத் துளி மடிச்சு அடியில வெச்சா அடங்கிடும்.

— அந்த உறுமல் கம்பியில இல்லண்ணா, அவர் தொண்டையில.

— அதுக்குத்தான் கேப்போ கொடுத்தேனே?

— கொடுத்தீங்க. கிட்டார் கழுத்துல அந்தக் கிளிப்பை மாட்டினா சுருதி ஏறும், குரலுக்குத் தோதா இருக்கும்னீங்க. சுருதி ஏறுச்சு, இவரும் கூடவே ஏறினார். மாடி வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போனது, இன்னும் வெளிய வரல.

— சுருதி பாக்கற டியூனர்?

— பச்சை விளக்கு எரியற வரைக்கும் திருகுறார். எரிஞ்சதும் சந்தோஷத்துல இன்னொரு திருகு திருகிடறார்.

— கிட்டார் வயித்து ஓட்டையை அடைக்கிற ரப்பர் மூடி வாங்கினீங்களேம்மா, சத்தம் குறையணும்னு?

— குறைஞ்சுது. கேக்கலையேன்னு ஓங்கி அடிச்சார். நானே ரெண்டு ஜோடி காலுறையைச் சுருட்டி உள்ள தள்ளினேன். கொஞ்ச நாள் நிம்மதி. அப்புறம் ஆபீசுக்குக் காலுறை தேடினப்ப கண்டுபிடிச்சுட்டார்.

— போன வாரம் ஹெட்போன் எடுத்தீங்களே?

— என் காதுல மாட்டிக்கத்தான் எடுத்தேன். அவர் அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு, “நான் வாசிக்கிறதைப் பதிவு பண்ணிக் கேக்கறதுக்காடி?”ன்னு கண் கலங்கிட்டார். நான் என்ன சொல்ல? ஆமான்னேன்.

— சரி, ஏன் இப்ப திடீர்னு அவசரம்?

— சனிக்கிழமை எங்க ஆபீஸ் பெரிய மேடம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க. கிளை மேனேஜர் வேலை எனக்கா இன்னொருத்தருக்கான்னு அவங்க கையிலதான் இருக்கு. மாடா உழைச்சிருக்கேண்ணா. இவர் சாப்பாட்டுக்கு முன்னாடி மூணு பாட்டு, பின்னாடி மூணு பாட்டுங்கிறார்!

— வேண்டாம்னு வாய் திறந்து சொல்லிட்டா முடிஞ்சுது.

— எப்படிச் சொல்றது? போன வருஷம் வேலை போய் வீட்டுல சுருண்டு கிடந்தார். சோறு இறங்கல. இந்தச் சனியனைத் தூக்கினதுக்கப்புறம்தான் முகத்துல களை வந்துச்சு. புது வேலை கிடைச்சும் விடல. சாயங்காலமானா உறையைப் பிரிச்சுட்டு என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். அந்த மூஞ்சியைப் பாத்து நிறுத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணா. கிட்டார் கழுத்து விட்டுப்போச்சு, இனிமே தேறாதுன்னு நீங்க சொல்லிட்டா அவர் நம்பிடுவார்.

— நம்ப மாட்டாரும்மா.

— ஏன்?

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இதே வேலையை நேத்தே ஒருத்தர் எங்கிட்ட சொல்லி வெச்சுட்டுப் போயிட்டார்.

— யாரு? மாடி வீட்டுக்காரரா?

— உங்க வீட்டு சார்தான். “எனக்கு இது வராதுன்னு எப்பவோ தெரிஞ்சு போச்சுங்க. அவ ஆசை ஆசையா புதுசு புதுசா வாங்கிட்டு வந்து கொடுக்கறா, நிறுத்த மனசு வரல. பெரிய மேடம் முன்னாடி வாசிச்சா அவளுக்குப் பெருமையா இருக்குமேன்னு வேற வாயை விட்டுட்டேன். நான் கொண்டு வந்து தர்றேன், அவ மனசு நோகாம எப்படியாவது இதைக் கெடுத்துக் கொடுத்துடுங்க”ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்மா.