கண்ணைக் காக்கக் கசிப்புப் போத்தல் சுமந்தவன்

உட்துறைமுகத்து உப்புக்காற்று உள்ளே வந்து உலவும் இந்த மண்டபத்தில், குரலை உயர்த்தாமலே ஒழுங்கை நிலைநாட்டத் தெரிந்த தலைவர், இந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் அதிபர் சோமசேகரம் அவர்களே! மேடையை அணிசெய்யும் விரிவுரையாளப் பெருமக்களே! கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் படகேறி, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி, பிள்ளையின் முதல்நாளைக் கண்ணாரக் காண வந்திருக்கும் பெரியோர்களே! சல்லியிலிருந்து சைக்கிள் கரியரில் அமர்ந்து, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்தபடி வந்து சேர்ந்த தாய்மார்களே! இந்தத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டில், துவக்குச் சத்தத்துக்கு நடுவிலும் தொழிற்கல்வி தேடி வந்திருக்கும் புதுமுக மாணவ மாணவியரே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தலைவர் அவர்கள் என்னைச் சட்டக்கடல் என்றார்கள். கடல் வாசலிலேயே கிடக்கிற ஊரில் அப்படிச் சொன்னால் சனம் ஒப்பிட்டுப் பார்த்துவிடும். நீதவான் நீதிமன்றத்தில் நாளாந்தம் நிற்கிற ஒரு சட்டத்தரணி நான், பெயர் அன்னலட்சுமி. அவ்வளவுதான். எனக்குத் தந்த பொருள்: மதுவும் போதையும் மாணவரும் சட்டமும். அதைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு தம்பிமார் வாசலைப் பார்த்தார்கள். இருங்கள் தம்பிமாரே! சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சென்ற ஆண்டு இந்தக் கல்லூரியில் நடந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்தபடியால்தான் பெயரோடு சொல்கிறேன்.

முதலில் சட்டம். கசிப்பு என்று நாம் சொல்கிற கள்ளச் சாராயத்தை வடிப்பது குற்றம். விற்பது குற்றம். வாங்கி வைத்திருப்பதும் குற்றம். ஒரு மிடறு அருந்தாவிட்டாலும், உங்கள் கையில் அந்தப் போத்தல் இருந்தால் நீங்கள் கூண்டில் ஏற வேண்டிவரும். என்ன அம்மா கேட்கிறீர்கள்? "மருந்துக்கு வைச்சிருந்தாலுமோ?" ஓம் அம்மா, மருந்துக்கு வைத்திருந்தாலும். உங்கள் மருந்தைப் பொலிஸார் மணந்து பார்ப்பார்கள்.

கஞ்சா வைத்திருப்பது குற்றம். ஹெரோயின், அதாவது இளைஞர் வாயில் "தூள்" என்று வழங்குகிற அந்த நஞ்சு, இரண்டு கிராமுக்கு மேல் உங்களிடம் இருந்தால் நம் நாட்டுச் சட்டம் விதிக்கக்கூடியது மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை. இரண்டு கிராம் எவ்வளவு? உள்ளங்கையில் வைத்தால் பாரம் தெரியாது. பாரம் தெரியாத ஒன்றுக்காகப் பாரெல்லாம் பழிக்க ஒரு வாழ்வு முடியலாமா? அதுவும் இந்த யுத்தகாலத்தில், சந்திக்குச் சந்தி பையைத் திறந்து காட்டுகிற ஊரில், "மச்சான், இதை ஒருக்கா பிடி" என்று எவன் தந்தாலும் என்ன ஏது என்று பாராமல் வாங்கலாமா? சாவடியில் பை யாருடைய தோளில் தொங்குகிறதோ அவரைத்தான் முதலில் இறக்குவார்கள். பகுப்பாய்வு அறிக்கை கொழும்பிலிருந்து வரும்வரை விளக்கமறியல். பிறகு அரசாங்க வேலைக்குப் போனாலும், வெளிநாட்டுக்குப் போனாலும், பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கிற இடத்திலெல்லாம் அந்த வழக்கு உங்களுக்கு முன்னே போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும்.

கல்லூரிக்கும் ஒரு விதி இருக்கிறது. மதுவோ போதைப்பொருளோ அருந்துபவரும் வைத்திருப்பவரும் விசாரணையின்பின் நீக்கப்படுவர். அது சரியான விதி. அந்தச் சரியான விதி, சென்ற ஆண்டு ஒரு பிள்ளையின் கண்ணோடு மோதியது.

அந்தப் பிள்ளையின் பெயர் தவநேசன். சல்லியைச் சேர்ந்தவன். தாயார் புஸ்பராணி மீன் காயவைத்து விற்று இவனை மின்னியல் படிப்பித்தார். அறைத்தோழன் அபூதாஹிர், கிண்ணியாவில் புடைவைக்கடை வைத்திருக்கும் முஹம்மது தம்பி அவர்களின் மகன். ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒரு வாடகை வீட்டில், வேறு இரண்டு மாணவர்களோடு இவர்கள் தங்கியிருந்தார்கள். தவணைப் பரீட்சை முடிந்த மத்தியானம் அந்த இருவரும் ஒரு போத்தல் கசிப்பு கொண்டுவந்தார்கள். அவர்கள் நாக்கில் தொட்டுப் பார்த்தார்கள்; தவநேசன் வயிறு நிறையக் குடித்தான். அபூதாஹிர் தொடவில்லை. "உனக்குத் தேவையில்லாத வேலை" என்று ஏசிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலை, வெயில் ஏறியபின் தவநேசன் எழும்பினான். இரண்டு தரம் சத்தியெடுத்தான். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு நின்றான்.

"டேய் தாஹிர், ஏன்டா யன்னலைச் சாத்தி வைச்சிருக்கிறாய்?"

யன்னல் திறந்துதான் கிடந்தது.

"எனக்கு எல்லாம் வெள்ளைப் புகை மாதிரித் தெரியுதடா. உன்ர முகம் தெரியேல்ல."

சபையோரே, அந்த அறையில் அப்போது நான்கு பேர். ஒருவனுக்குக் கண் போகிறது. மற்ற மூவருக்கும் கல்லூரி விதி மனப்பாடம். ஆஸ்பத்திரிக்குப் போனால் வைத்தியர் கேட்பார், பொலிஸ் கேட்கும், அதிபர் கேட்பார். போத்தல் கொண்டுவந்த இருவரும் சொன்னார்கள்: "தேசிக்காய்த் தண்ணி குடு, படுத்தெழும்பினாச் சரியாப் போகும்." சொன்ன கையோடு தங்கள் உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவர்களைக் கெட்ட பிள்ளைகள் என்று நான் சொல்லமாட்டேன். பயந்த பிள்ளைகள். ஆனால், பயத்துக்குக் கால் முளைத்தால் பக்கத்தில் கிடப்பவன் உயிருக்கு யார் காவல்?

அபூதாஹிர் நின்றான். தவநேசனைச் சைக்கிள் பாரில் ஏற்றி, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தில் உருட்டினான். பள்ளத்தின் அடியில் சாவடி. தள்ளாடுகிற ஒருவனையும் தாங்குகிற ஒருவனையும் கண்டால் சிப்பாய் விடுவாரா? துவக்கை முன்னே நீட்டினார்.

"என்ன இவருக்கு? காயமா?"

யுத்தகாலத்தில், காயம் என்றாலே சண்டையில் பட்டதோ என்று சந்தேகிக்கிற நாளில், அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அபூதாஹிர் உண்மையைச் சொன்னான்.

"காயம் இல்லை சேர். கசிப்புக் குடிச்சவர். கண் தெரியுதில்ல."

சிப்பாய் தவநேசனின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். கண் அசையவில்லை. உடனே வீதிக்கு வந்து, வந்துகொண்டிருந்த முச்சக்கரவண்டியை மறித்து, ஏறியிருந்தவரை இறக்கினார். "எங்கட ஊர்லயும் இப்பிடி ரெண்டு பேர் செத்தது. சுறுக்கா போ!" என்றார். கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். நல்லதை யார் செய்தாலும் நாலு பேர் நடுவில் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பெண் வைத்தியர் ஒருவர் பார்த்தார். முதற்கேள்வியே இதுதான்.

"என்ன குடிச்சவர்?"

"கசிப்பு டொக்டர்."

"கசிப்போட என்ன கலந்தது? மரத்துக்குப் பொலிஷ் போடுற ஸ்பிரிட்டோ, வேறையோ? தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்கலாம். ரத்தத்தைச் சோதிச்சுப் பாக்க இங்க வசதி இல்லை. மிச்சம் இருந்தாக் கொண்டு வாங்கோ தம்பி, கெதியா!"

இப்போது அந்த இளைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள். மிச்சம் அறையில் இருக்கிறது. எடுத்து வந்தால் கையில் கள்ளச்சாராயம். கடக்கவேண்டியது அதே சாவடி. ஆஸ்பத்திரி வாசலில் பொலிஸ் காவல். எடுத்து வராவிட்டால் நண்பனின் கண். தொட்டால் குற்றம், விட்டால் துயரம்! அவன் தொட்டான். போத்தலை உடுக்கிற சாரம் ஒன்றில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான். சாவடியில் அவனை இரண்டாம் முறை மறிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மறித்தார்கள். சாரத்தை விரித்தார்கள்.

"என்னடா இது?"

"டொக்டர் கேட்டவ சேர். முதல்ல இதைக் குடுத்திட்டு வாறன். பிறகு என்னைப் பிடிங்கோ."

பொலிஸ்காரர் அவனையும் போத்தலையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோனார். வைத்தியர் போத்தலை மணந்து பார்த்தார், ஒரு துளியைத் தட்டில் விட்டுக் கொளுத்திச் சுவாலையைப் பார்த்தார். மரப்பொலிஷ் ஸ்பிரிட் கலந்திருக்கிறது என்று முடிவெடுத்து, அதற்குரிய சிகிச்சையைத் தொடங்கினார். தவநேசனின் வலக்கண் தப்பியது. இடக்கண்ணில் இன்றைக்கும் பாதி வெளிச்சம்தான். இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் இரண்டும் போயிருக்கும், உயிரும் போயிருக்கும் என்று வைத்தியர் பின்னர் நீதிமன்றத்திலேயே சொன்னார்.

போத்தலோடு பிடிபட்டவனை அன்றைக்கே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் நான் அவனைக் கண்டேன். செய்தி கிண்ணியாவுக்குப் போய்விட்டது. முஹம்மது தம்பி அவர்கள் கடையைப் பூட்டாமலே ஓடிவந்திருந்தார். பள்ளிவாசலில் தலைநிமிர்ந்து நடக்கிற மனிதர். மகன் கசிப்போடு பிடிபட்டான் என்று வழியெல்லாம் சனம் சொல்லக் கேட்டபடி வந்திருக்கிறார். கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, என் முன்னாலேயே கேட்டார்.

"குடிச்சியா மகன்?"

"இல்ல வாப்பா."

"அப்ப போத்தல் எப்பிடி உன்ட கையில வந்த?"

"அவன்ட கண்ணுக்கு வாப்பா."

அந்தத் தகப்பன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்து, "எங்க கையெழுத்து வைக்கணும்?" என்றார். சரீரப் பிணையில் மகனை எடுத்தார். அடுத்த வழக்குத் தவணையில் வைத்தியர் வந்து சாட்சி சொன்னார். நீதவான் அபூதாஹிரை விடுவித்தார். தவநேசன் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினான். போத்தலை விற்றவன் இன்னமும் மறியலில் இருக்கிறான்.

நீதிமன்றம் விட்டது. கல்லூரி விடவில்லை. விதியில் என்ன எழுதியிருக்கிறது? "வைத்திருப்பவரும் நீக்கப்படுவர்." ஏன் வைத்திருந்தான் என்று விதி கேட்கவில்லை. விசாரணைக் குழு கூடியது. அபூதாஹிரை நீக்குவதென்று பெரும்பான்மை சாய்ந்திருந்த வேளையில், கறுத்த கண்ணாடியோடு தவநேசன் உள்ளே வந்தான். அழைக்கப்படாமலே வந்தான். தாயார் புஸ்பராணி கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். அந்தக் குழுவுக்கு முன்னால் அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"சேர், குடிச்சவன் நான். என்னைக் கலையுங்கோ, நான் போறன். இவன் என்னைத் தூக்கினவன். இண்டைக்கு இவனைக் கலைச்சீங்கள் எண்டா, நாளைக்கு இந்தக் கல்லூரியில ஒருத்தனும் ஒருத்தனையும் தூக்க மாட்டான்."

தாய் ஒரு வார்த்தைதான் சேர்த்தார்: "என்ர பிள்ளைக்குத் தண்டனை குடுங்கோ, நான் மறுக்கேல்ல. அந்தப் பிள்ளையை விடுங்கோ."

அன்றைக்குத் தலைமைக் கதிரையில் இருந்தவர் இன்றைய தலைவர்தான். அவர் அந்த விசாரணையை ஒத்திவைத்தார். ஒத்திவைத்துவிட்டு, விதியைத் திருத்தக் குழுவைக் கூட்டினார். திருத்துவது எளிதாக இருக்கவில்லை. இடம் கொடுத்தால் எல்லாரும் சாட்டுச் சொல்லித் தப்புவார்கள் என்று விரிவுரையாளர்கள் வாதிட்டார்கள். அந்த அச்சத்திலும் நியாயம் இருந்தது. என்னை அழைத்து அபிப்பிராயம் கேட்டார்கள். "தண்டிக்கிற விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, உதவிக்கு ஓடுகிறவனைத் தடுக்கிற பகுதியை மட்டும் எடுங்கள்" என்றேன். கடைசியில் எடுத்தார்கள். அபூதாஹிர் படிப்பை முடித்து, இப்போது புல்மோட்டையில் கனிய மணல் தொழிற்சாலையில் பயிற்சி பெறுகிறான். தவநேசனுக்கு ஓராண்டு இடைநிறுத்தம். அதை முழுமையாக அனுபவித்துவிட்டு, சென்ற மாதம் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிக்கிறான்.

ஆகவே புதிய மாணவர்களே, இன்று உங்கள் கல்லூரியின் விதி இது: குடித்தால் தண்டனை உண்டு. கொண்டுவந்தால் தண்டனை உண்டு. ஆனால் ஆபத்தில் கிடக்கும் ஒருவருக்கு உதவி தேடி ஓடிவந்தவர்மீது, ஓடிவந்த காரணத்துக்காகக் கல்லூரி கைவைக்காது. அந்த அறையிலிருந்து அன்று இறங்கிப்போன இருவருக்கும் இப்படி ஒரு விதி தெரிந்திருந்தால், ஒருவேளை அவர்களும் ஒரு பக்கம் பிடித்திருப்பார்கள்.

இது குடிப்பதற்கு அனுமதி என்று எவராவது எண்ணினால், எண்ணத்தை இப்போதே கைவிடுங்கள். கல்லூரி விதி நாட்டுச் சட்டத்தை மாற்றாது. வெளியே பொலிஸ் இருக்கிறது, மதுவரித் திணைக்களம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. குடிக்காமல் இருப்பதுதான் குற்றமும் இல்லாத, கூண்டும் இல்லாத, கண்ணீரும் இல்லாத வழி.

ஆனால் ஒருவன் குடித்துவிட்டான், விழுந்துவிட்டான் என்றால்? மூச்சுத் திணறுகிறதா? கூப்பிட்டால் முழிக்கவில்லையா? கண் மங்குகிறதா? படுத்தெழும்பினால் சரியாகும் என்று பாராதீர்கள். தூக்குங்கள்! தமிழனா முஸ்லிமா சிங்களவனா என்று பாராமல் தூக்குங்கள்! தெரிந்தவனா தெரியாதவனா என்று பாராமல் தூக்குங்கள்! சாவடியில் உண்மையைச் சொல்லுங்கள். வைத்தியரிடம் முழு உண்மையையும் சொல்லுங்கள். அதற்காகச் சட்டம் உங்களைப் பிடித்தால் பிடிக்கட்டும். என் கந்தோர் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிறது, கதவைத் தட்டுங்கள். பிடிபட்ட பிள்ளைக்காக வழக்காட எனக்குத் தெரியும். செத்துப்போன பிள்ளைக்காக வழக்காடி அவனை மீட்க, இந்த உலகத்தில் எந்தச் சட்டத்தரணிக்கும் ஏலாது!

பொறுமையோடு செவிசாய்த்த சபைக்கும், புழுக்கத்தில் பிள்ளைகளை மடியில் வைத்தபடி கேட்டிருந்த தாய்மாருக்கும், பேச இடமளித்த தலைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.