இசைவாணியின் இடது கால்

நான் தலை பின்னிவிட்டால் இரண்டு நாளைக்கு அவிழாது, மேடம். என் கை அப்படி. இசைவாணி பள்ளிக்கூட டீமில் கூடைப்பந்து ஆடத் தொடங்கிய நாளிலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் அவளுக்குப் பின்னிவிட்டது நான்தான். "இன்னும் இறுக்குக்கா, ஓடறப்ப அவுந்துடும்" என்பாள்.

அம்மா இறந்தபோது எனக்குப் பதினாறு, தங்கைக்குப் பத்து. அப்பா கரும்பு வெட்டப் போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். வடக்கனந்தல் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்குச் சோறு போட்டது, பேன் பார்த்தது, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் நான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வயதில் அவள் என்னைவிட உயரம். திருக்கோவிலூரில் ஒரு போட்டியில் பார்த்துவிட்டு விளையாட்டு விடுதிக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு சென்னையில் சம்பளத்தோடு ஒரு அணி, அப்புறம் மாநில அணி, இருபத்து மூன்றில் கேப்டன். ஏழாம் நம்பர் பனியன். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடிவந்து, இடது காலை ஊன்றி எழும்பி, வலது கையால் வளையத்துக்குள் போடுவாள். செல்போனில் பார்ப்பேன். பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் வீட்டைவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறாள் என்று தோன்றும். பொங்கலுக்கு இரண்டு நாள் வருவாள். அதிலும் பாதி நேரம் போனில் இருப்பாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் தோள் பிசகி ஒன்றரை மாதம் வீட்டில் இருந்தாள். நான் ஊட்டிவிட்டேன், குளிப்பாட்டினேன். என் வாழ்க்கையில் நன்றாக இருந்த நாட்கள் அவைதான்.

இந்தச் சித்திரையில் ஆட்டத்தில் விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல். ஆறு வாரம் ஓய்வு போதும் என்று சென்னையில் சொல்லி அனுப்பினார்கள். வரும்போது கையில் ஒரு காகிதம் வைத்திருந்தாள். தாய்லாந்தில் ஒரு கிளப்புக்கு ஆட ஒப்பந்தம். "ரெண்டே வருசம்க்கா" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

கல்வராயன் மலையில் அம்மாசி வைத்தியரிடம் கட்டுப் போட்டால் சீக்கிரம் கூடும் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் பலரும் அவரிடம்தான் போவார்கள். அவளும் சின்ன வயதில் கை ஒடிந்து அவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டவள்தான். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவிய துணி, மேலே மூங்கில் பத்தை, மூன்று முடிச்சு. அவளை ஜீப்பில் உட்காரவைத்துவிட்டு எண்ணெய்ப் புட்டியை வாங்க நான் மட்டும் திரும்பிப் போனேன்.

"வெரலு மரத்துப்போனாலோ, சில்லுனு ஆனாலோ, கட்ட உடனே அவுத்துட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிடணும். இன்னா, புரிஞ்சிதா?" என்றார்.

புரிந்தது. அவர்மேல் தப்பில்லை, மேடம். அவரை அனுப்பிவிடுங்கள்.

மறுநாள் கட்டு தளர்ந்திருக்கிறது என்று அவளிடம் சொல்லி, மூன்று முடிச்சையும் பிரித்து இறுக்கிக் கட்டினேன். கால் குணமாகத் தாமதமானால் விமானத் தேதி தவறிவிடும். அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள், "அக்கா, வெரலு மரத்துப்போச்சுக்கா" என்றாள்.

"அப்டித்தான் இருக்கும்னு வைத்தியரே சொன்னாருடி. எலும்பு கூடுது."

வலி மாத்திரை கொடுத்தேன். நான்காம் நாள் விரல்களைத் தொட்டேன், சில்லிட்டிருந்தன. இன்னொரு சுற்று இறுக்கிவிட்டுப் போர்வையை இழுத்து மூடினேன். ஐந்தாம் நாள் நிறம் மாறிவிட்டது. அவளுக்குக் காய்ச்சல். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்க்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதாவது தளர்த்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அந்தத் தேதிக்கு அவளால் எப்படியும் போயிருக்க முடியாதுதான். ஆனால் ஒரு தேதி தவறினால் இன்னொரு தேதி வரும், மேடம்.

ஆறாம் நாள் அவளோடு ஆடுகிற ஆண்டாள் சொல்லாமல் கொள்ளாமல் சென்னையிலிருந்து வந்தாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள். இசைவாணியைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனாள். முழங்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

புகார் ஆண்டாள் கொடுத்ததாக நினைத்தேன். இசைவாணியின் கையெழுத்தைக் காட்டுகிறீர்கள். அவளுடையதுதான். பெயருக்குக் கீழே ஏழு போடுவாள், இதிலும் போட்டிருக்கிறாள்.

கோபமாக இருக்கிறாள். சின்ன வயதிலும் இப்படித்தான், இரண்டு நாள் பேச மாட்டாள், பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு தானே வந்து என் முன்னால் உட்காருவாள். எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடுங்கள். நான் திரும்பி வரும்போது அவள் வீட்டில்தான் இருப்பாள். இனி எங்கே போகப் போகிறாள்.